லூர்துவின் கழுத்துப்பட்டை

வைரஸ் காய்ச்சல் லூர்துவின் நுரையீரலில் தழும்புகளை விட்டுப் போயிருந்தது. தழும்பேறிய இடம் சரியாக விரியாது. அதனால் இரண்டு மூன்று சொல்லுக்கு ஒருமுறை அவர் மூச்சு வாங்க வேண்டும். மீன் ஏலம் கூறுபவருக்கு அது எப்படிப் போதும்? அதற்காகத்தான் மருத்துவமனையில் கழுத்துப்பட்டை கொடுத்தார்கள். அவர் நிறுத்திய இடத்திலிருந்து மீதியை அவருடைய பழைய குரலிலேயே அது சொல்லி முடிக்கும்.

தூத்துக்குடி ஏலக்கூடத்தில் வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஜெசிந்தாவின் படகு கொண்டுவந்த சீலா மீனை ஏலம் விட்டார்.

"ஒரு தரம்... ரெண்டு தரம்..."

லூர்து மூச்சுக்கு நின்றார். பட்டை நிற்கவில்லை.

"மூணு தரம்!"

கூடை அடிமாட்டு விலைக்குப் போய்விட்டது. சொன்ன மூன்றாம் தரத்தைத் திரும்பப் பெற முடியாது.

"அது உங்க தொண்டையா, வாங்குறவன் தொண்டையாண்ணே?" என்று ஜெசிந்தா கத்தினாள். "அடுத்த கூடையும் இப்படின்னா நான் வேற ஆளப் பாத்துக்கிடுதேன்."

லூர்து பட்டையைக் கழற்றி வைத்துவிட்டு அடுத்த கூடைக்குக் குரல் கொடுத்தார். இரண்டாம் தரத்தில் மூச்சு இளைத்தது. அந்த இடைவெளியில் ஒரு வியாபாரி விலையை ஏற்றினார். ஏற்றினால் முதல் தரத்திலிருந்து திரும்பக் கூற வேண்டும். கூறினார், மறுபடி இளைத்தது, இன்னொருவர் ஏற்றினார்.

"அப்படித்தாண்ணே! நல்லா இளைங்க!" என்றாள் ஜெசிந்தா, முகமெல்லாம் சிரிப்பாக.

உதடு நீலம் பாரித்திருக்க, லூர்து தூணைப் பிடித்துக்கொண்டார்.

"ஒரு... தரம்..."

பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.