முகமளவு ஜன்னல்

பெயிண்ட் வாசனை இன்னும் போகவில்லை. கௌலூனில், ஹெராயின் பழக்கத்தைக் கைவிட வருகிறவர்களுக்கு மாற்று மருந்து தரும் அரசு மருந்தகத்தின் ஜன்னலை நேற்றுத்தான் இடுப்பளவிலிருந்து முகமளவுக்கு உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். காலை வெயில் புதுச் சட்டத்தின் மேல் பளபளக்கிறது. வரிசையில் முதல் ஆள் மீன் லாரி ஓட்டும் லுக் கின்-சோய். ரப்பர் பூட்ஸில் செதில்கள் மின்னுகின்றன. சிகிச்சை எப்படி நடக்கிறது என்று விசாரிக்க வந்த அதிகாரிப் பெண்ணிடம், "மருந்து கசக்கலம்மா, குனிஞ்சு வாங்குறதுதான் கசக்குது" என்று சொன்னவர் இவர்தான். அவரே இப்போது பழக்க தோஷத்தில் குனிகிறார். நெற்றி டொக்கென்று ஜன்னலின் அடிப்பலகையில் மோதுகிறது. வரிசை முழுக்கச் சிரிப்பு. "அண்ணே, ஏத்தச் சொன்னதும் நீங்க, இடிச்சுக்கிறதும் நீங்களா?" என்கிறான் பின்னால் நிற்கும் டாக்ஸிக்காரன். நெற்றியைத் தேய்த்தபடி லுக் நிமிர்கிறார். எதிரே நர்ஸ் யுங். இத்தனை வருஷமாக அவருக்கு அவள் ஒரு பச்சைக்கல் வளையல், ஒரு குரல், அவ்வளவுதான். இன்று கன்னத்தில் குழி விழுகிறது, மூக்கில் கண்ணாடி நழுவுகிறது. அவளும் கண்கொட்டாமல் பார்க்கிறாள். "அட, அந்த வழுக்கை நீங்கதானா? இவ்ளோ உயரமா இருக்கீங்களே!" கோப்பை மருந்தை நிமிர்ந்து நின்றபடியே குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "எனக்கே இப்பத்தான் தெரியுது சிஸ்டர்" என்கிறார் லுக். பின்னால் டாக்ஸிக்காரன் சட்டைப்பையிலிருந்து சீப்பை எடுத்து அவசரமாகத் தலை வாருகிறான். அவன் வாரி முடித்ததும் சீப்பு கைக்குக் கை மாறி, வரிசையின் கடைசிவரை போகிறது.