சுவருக்கு மேலே ஒரு சிட்டம் நூல்

பேரையூருக்குப் போகும் சாலையோரத்தில், ஒரே முற்றத்தை இரண்டாக்கும் புதுச்சுவர் இடுப்பளவுக்கு எழும்பி நிற்கிறது. பாகப்பிரிவினையில் அவுரிச் சாயத்தொட்டி அண்ணன் ஜனகராஜ் பக்கம் போய்விட்டது. தறி தம்பி ஸ்ரீனிவாஸ் பக்கம். தறியில் பாதியில் நிற்கும் சேலைக்கு, வளையமாகச் சுற்றிய இந்த ஒரு சிட்டம் நூல்தான் பாக்கி. ஈரநூலைப் பிழிய இரண்டு பேர் வேண்டும். அதனால் சிட்டத்தின் இரு முனைகளிலும் கம்பைக் கோத்து, சுவருக்கு மேலே ஆளுக்கொரு பக்கமாக முறுக்குகிறார்கள். தொட்டியிலிருந்து பச்சை நிறத்தில் வந்த நூல் உச்சிவெயிலில் காற்றுப் பட்டு நீலமாகிக்கொண்டிருக்கிறது. முற்றமெங்கும் புளித்த வாடை அடிக்கிறது. புதுச் செங்கல்லின் மேல் சாயம் சொட்டுகிறது. சுவர் கட்டும் கொத்தனார் கருப்பு, கையில் கரண்டியோடு ஒதுங்கி நிற்கிறார். “கருப்பு, அங்கிட்டு நிக்கிற ஆளை ஒழுங்காப் பிடிக்கச் சொல்லு” என்கிறார் ஜனகராஜ், நூலைப் பார்த்தபடி. “எனக்குப் பிடிக்கத்தான் தெரியும், பிடுங்கத் தெரியாதுன்னு சொல்லு கருப்பு” என்கிறார் ஸ்ரீனிவாஸ், அவரும் நூலைப் பார்த்தபடி. இருவர் முழங்கை வரையிலும் ஒரே நீலம் ஏறியிருக்கிறது. இருவர் கழுத்திலும் ஒரே நரம்பு புடைத்திருக்கிறது. சொட்டுவது நின்றுவிடுகிறது. “தண்ணி வடிஞ்சிருச்சுண்ணே, விடுங்க” என்கிறார் கருப்பு. யாரும் விடவில்லை. நூல் கயிறாகி, கயிறு கம்பிபோல் விறைக்கிறது. பட்டென்று ஓர் இழை அறுகிறது. அது இருவருக்கும் கேட்கிறது. அண்ணன் இன்னொரு சுற்று முறுக்குகிறார். தம்பியும் முறுக்குகிறார்.