இருபது காசு எங்கே போனது

"வரி செத்து ஒரு மாசம் ஆச்சு பாய். உங்க கடையில மட்டும் அது இன்னும் உயிரோட உக்காந்திருக்கு."

முருகையா சுவரில் இருந்த விலைப்பலகையைக் காட்டினார். 'பசும்பால் டீ 2.00' என்று வெள்ளிக் கணக்கில் எழுதியிருந்தது.

மலேசியாவின் லூனாஸ் கடைத்தெருவில் மஜீத்தின் சாப்பாட்டுக் கடை. காலை ஏழு மணி. ஜூன் முதல் தேதியோடு ஜிஎஸ்டி ஆறு சதவீதத்திலிருந்து பூஜ்யம் ஆகிவிட்டது. இப்போது ஜூலை. பலகையில் ஒரு எழுத்தும் மாறவில்லை.

"மூனு வருஷத்துக்கு முன்ன ஒன்னு எண்பது. ஜிஎஸ்டி வந்த மாசம் ரெண்டு வெள்ளி ஆக்குனீங்க. வந்ததுக்கு ஏத்துனா போனதுக்கு இறக்கணும் லா. ஞாயந்தானே?"

"ஞாயந்தான்," என்றார் மஜீத், டீயை ஆற்றிக்கொண்டே.

பக்கத்து மேசையில் விக்னேஸ்வரன் ரொட்டி சானாய் பிய்த்துக்கொண்டிருந்தான். கூலிம் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவன். "வரி போனது நிஜந்தாண்ணே. சுங்கைப்பட்டாணியில ஐஸ்பெட்டி வாங்கினேன். எண்பது வெள்ளி இறங்கியிருந்துச்சு."

"ஐஸ்பெட்டி பத்து வருஷத்துக்கு ஒன்னு வாங்குவடா தம்பி. டீ தினம் ரெண்டு கிளாஸ். தினம் வாங்குறது இறங்குனாத்தான் வீட்டுக்கு மிச்சம். எனக்கு மாசம் பன்னெண்டு வெள்ளி." முருகையா மஜீத் பக்கம் திரும்பினார். "இறக்கலைன்னா நாளையிலேருந்து எங்க தோட்டத்து ஆளுங்க எட்டுப் பேரும் எதிர்க்கடைக்கு. பேசி வச்சாச்சு."

மஜீத்தின் கை நின்றது. எட்டுப் பேர் என்றால் எட்டு டீ மட்டும் அல்ல. எட்டு ரொட்டி, எட்டு நாசி லெமாக். எதிர்க்கடை திறந்த மூன்று மாதத்தில் பாதிக் கூட்டம் அங்கே போய்விட்டது. மீதி இருப்பது இந்தத் தோட்டத்து ஆட்கள்தான். அவர்களும் போனால் ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் கடையை மூட வேண்டியதுதான் என்று நேற்றுதான் மனைவி ஜைனப்பிடம் சொல்லியிருந்தார்.

"நீங்களும் வரமாட்டீங்களாண்ணே?" கல்லாவிலிருந்து ஜைனப் கேட்டாள்.

"நான் வராம எப்படி? வேலையா வருவேன். டீ குடிக்க மாட்டேன்."

விக்னேஸ்வரன் ரொட்டியை வாயில் அடைத்துச் சிரிப்பை மறைத்தான்.

மஜீத் கையைத் துடைத்துக்கொண்டு வந்து முருகையாவின் எதிரே உட்கார்ந்தார். "சரி, ஒரு கிளாஸப் பிரிச்சே பாத்துருவோம்."

முதலில் சீனி டின்னை மேசையில் வைத்தார். "சீனி. ஜிஎஸ்டி இருந்தப்பவே இதுக்கு வரி இல்ல. இல்லாத வரி எப்படிப் போகும்?" அடுத்து டீத்தூள் டின். "இதுவும் வரி இல்லாத லிஸ்ட்ல இருந்துச்சு." அடுப்புக்குக் கீழே கையைக் காட்டினார். "கேஸ். அதுக்கும் இல்ல."

"கரண்டு? சோப்பு?"

"அதுக்கெல்லாம் வரி இருந்துச்சு. ஆனா ஒரு கிளாஸுக்குப் பிரிச்சா ஒரு காசு தேறாது."

"அதெல்லாம் கிடக்கட்டும். நீங்க எங்ககிட்ட வாங்குன வரி?"

"நான் வாங்கவே இல்லண்ணே. வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வெள்ளி வியாபாரம் பண்றவன் வரி வாங்கணும். நம்மளது சின்னக் கடை. என் ரசீதுல ஒரு நாளாவது ஜிஎஸ்டின்னு பாத்திருக்கீங்களா?"

முருகையா யோசித்தார். பார்த்ததில்லை. அதுவே அவருடைய கோபத்தைக் கூட்டியது. மேசையைத் தட்டினார்.

"சீனிக்கும் இல்ல, தூளுக்கும் இல்ல, கடைக்கும் இல்ல. அப்ப அந்த இருபது காசு எவன் பாக்கெட்டுக்குப் போச்சு? பேரச் சொல்லுங்க. நானே போய்க் கேக்குறேன்."

மஜீத், பாதி குடித்திருந்த முருகையாவின் கிளாஸை மெல்ல நடுவில் நகர்த்தினார்.

"இதுல இன்னும் ஒன்னு பாக்கி இருக்கு. போத்தல் நாலு வெள்ளிக்கு வாங்கிட்டு இருந்தேன். ஜிஎஸ்டி வந்த வாரம், 'எல்லாரும் ஏத்துறாங்க'ன்னு அது அஞ்சு வெள்ளி ஆச்சு. ஒரு போத்தல்ல அஞ்சு கிளாஸ் டீ வரும்."

"அஞ்சு கிளாஸுக்கு ஒரு வெள்ளி," விக்னேஸ்வரன் விரலை மடக்கினான். "கிளாஸுக்குச் சரியா இருபது காசு. ஆனா பாய், நாலு வெள்ளிக்கு ஆறு சதவீதம்னா இருபத்து நாலு காசுதானே ஏறணும்?"

"சில்லறைக்குக் கஷ்டமா இருக்குன்னு முழு வெள்ளியாப் போட்டுட்டாரு," என்றாள் ஜைனப், யாரையும் பார்க்காமல்.

"அந்த ஆள நீங்க ஒரு வார்த்தை கேக்கலையா?" என்றான் விக்னேஸ்வரன்.

"நல்ல மனுஷன். சரக்கு சுத்தம். எப்படிக் கேக்குறது?" என்றார் மஜீத்.

முருகையா கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதை எடுத்து, மிச்சத்தை ஒரே மடக்கில் குடித்தார். ரெண்டு வெள்ளியை மேசையில் வைத்துவிட்டு வெளியே போனார்.

எட்டுப் பேரும் போய்விட்டார்கள் என்றுதான் மஜீத் நினைத்தார்.

முருகையா தம் மோட்டார் சைக்கிளின் பின்கூடையை மூடியிருந்த ஈரச்சாக்கை விலக்கினார். நாலு நடையாக உள்ளே வந்து, தினமும் வைக்கிற இடத்திலேயே வரிசையாக வைத்தார். "பன்னெண்டு," என்று ஜைனப் வழக்கம்போல் எண்ணி முடித்தாள்.

விடியற்காலையில் தம் கையால் கறந்த பால் போத்தல்களைப் பார்த்தபடியே முருகையா சொன்னார்: "இன்னையிலேருந்து நாலு வெள்ளியே போட்டுக்குங்க பாய். என் மாட்டுக்கு எவனும் வரி போடல."