நீலப்படை

"இன்னிக்கும் தோத்தாச்சா?" என்று கேட்டபடி மனைவி டீயை வைத்தாள்.

கம்ப்யூட்டரில் தன் கோட்டை எரிவதைப் பார்த்து, ஓய்வுபெற்ற அந்த பஸ் டிரைவர் சிரித்தார். "நம்ம பிள்ளைதானே ஜெயிச்சான்? வேலை செஞ்சு அலுத்துப்போய் வர்றான். சந்தோஷமா தூங்கட்டும்."

வெளிநாடு போகும்போது மகன்தான் இந்த ராஜ்ய விளையாட்டைச் சொல்லிக்கொடுத்தான். "நீலப்படை நான்தான்ப்பா. அங்கேருந்து தினமும் ஆடுவேன்" என்றான். போனில் அவன் கிடைப்பது குதிரைக்கொம்பு. நீலப்படை மட்டும் ஒருநாளும் வராமல் இருந்ததில்லை. ஆட்டம் நன்றாகக் கைவந்த பிறகும் அவர் கடைசி நேரத்தில் கோட்டைக் கதவைத் திறந்துவிட்டு, வேண்டுமென்றே தோற்பார்.

விடுமுறைக்கு மகன் வந்தான்.

"இன்னிக்கு என் பக்கத்துல உட்கார்ந்தே உன் நீலப்படையை நடத்துப்பா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"இதையா இன்னும் ஆடுறீங்க? நான் அப்பவே விட்டுட்டேனே!"

"அப்போ தினமும் வந்தது?"

"கம்ப்யூட்டர்ப்பா. எனக்கு ஏது நேரம்? நீங்க போன் பண்ணித் தொணதொணக்கக் கூடாதுன்னு அப்படிச் சொல்லிவெச்சேன்."

"உன்கூட ஆடுறதா நினைச்சு தினமும் தோத்துட்டிருந்தாரேடா!" என்றாள் மனைவி.

மகன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "தோத்தாரா? சின்னப் பசங்க ஆடுற லெவல்லதானே வெச்சுட்டுப் போனேன்!"

மனைவி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கண்ணாலேயே அடக்கினார்.

"வயசாயிடுச்சுல்ல, மண்டையில ஏறலைப்பா" என்று சொல்லி, கம்ப்யூட்டரை அணைத்தார்.