எழுத மாட்டேன், சார்!

ஹிர்மா கவாசியை ஜீப்பில் போலீஸ் ஸ்டேஷனுக்கு அள்ளி வந்திருந்தார்கள். இன்ஸ்பெக்டர் பேப்பரை மேசையில் விசிறினார். ‘போலீஸ் சுட்டது நக்சல்களை அல்ல, பீடி இலை பறிக்கப் போனவர்களை!’ கீழே, எச். கவாசி என்ற பெயர்.

“பஸ்தர்ல உனக்கு வேற செய்தியே கிடைக்கலையாடா?”

“நடந்ததுதானே சார் வந்திருக்கு.”

“நீ யாரு பக்கம்?”

“காட்டுக்குள்ள துப்பாக்கி வச்சிருக்கவங்களும் கூப்பிட்டு இதையேதான் கேட்டாங்க. அவங்க டீயாவது குடுத்தாங்க, சார்.”

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு முறைத்தார். “இனிமே ஒரு வரி எழுதினே, ஜெயில்தான்!”

“சத்தியமா எழுத மாட்டேன், சார்.”

வீட்டு வாசலிலேயே மனைவி ஹுங்கி ஓடி வந்து அவன் முதுகைத் தடவிப் பார்த்தாள்.

“அடிச்சாங்களா?”

“இல்ல. எழுத மாட்டேன்னு சத்தியம் வாங்கினாங்க.”

“செஞ்சிட்டியா?”

“தாராளமா! நான் கைநாட்டுதானே?”

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. “பேப்பர்ல இருக்கற ‘எச்’ ஹிர்மா இல்ல, ஹுங்கின்னு சொல்லிட்டு வந்திருக்கலாமில்ல? எழுதினது நான்தானே?”

“சொல்லியிருப்பேன். அப்புறம் நாளைக்குச் செய்தியை யாரு எழுதுறது?”