முனை மழுங்கிய கத்தி

பசறை டவுன் கடையில் நிரஞ்சலா நான்காவது மடக்குக் கத்தியைக் கையில் எடுத்தாள். அதன் கிளிப்பை இடுப்புச் சேலை மடிப்பில் மாட்டி, குனிந்து நிமிர்ந்து பார்த்தாள். கத்தி நழுவவில்லை. பிறகு இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வலது கையால் மட்டும் திறந்தாள்.

கடைக்காரர் முருகையாவுக்கு அவளையும் தெரியும், குடித்துவிட்டு அவளை அடிக்கும் புருஷனையும் தெரியும்.

"மரக்கறி வெட்டவா தங்கச்சி?"

"இல்லண்ணே. கிளிப்பு நல்லாருக்கு, முனைதான் கூரா இருக்கு. முனை மழுங்கி, வெட்டுற பக்கம் மட்டும் பிளேடாட்டம் இருக்கணும்."

"அப்படி யாரும் கேட்டதில்லையே."

"கழுத்துக்கிட்ட போறப்ப குத்திறக் கூடாதுண்ணே."

முருகையா கத்தியைப் பிடுங்கி மடக்கினார். "இத நான் குடுக்க மாட்டேன். அவன் செத்தா ஒன்ன மறியல்ல அடைச்சிருவாங்க. ஒன் பிள்ளைங்கள யாரு பாக்குறது?"

"அந்தாளுக்குக் கத்தி ஒரு கேடாண்ணே? நான் தேயிலத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுல வேல பாக்குறேன். தாய்மாரு கொழுந்தெடுக்கப் போனா பிள்ளைங்க என் பொறுப்பு. போன மாசம் ஒரு பிள்ளைக்குத் தொட்டில் சேல கழுத்துல முறுக்கிக்கிச்சு. ஒரு கையால பிள்ளையத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு, மறு கையால முடிச்ச அவுக்கப் பாத்தேன். முடியல. கங்காணி ஓடியாந்துதான் சேலயக் கிழிச்சாரு."

முருகையா அரத்தை எடுத்துக் கத்தி முனையைத் தேய்க்கத் தொடங்கினார். தேய்த்தபடியே கேட்டார்:

"பிள்ளை?"

"பொழச்சிருச்சு. நாளைக்குத் திரும்ப வருது. தாய்க்காரி மலைக்குப் போவணுமே. வேற எங்க விடுவா, என்கிட்டதான் விடுறா."