பட்டன் மெஷின்

"இந்த மெஷின் வேண்டாம்" என்றாள் மருமகள்.

பில் போடப்போன விற்பனையாளரின் கை அப்படியே நின்றது.

மகன் திரும்பிப் பார்த்தான். "என்ன வேண்டாம்? மூணு வாரமா அலசி ஆராய்ஞ்சு முடிவு பண்ணினது. வீட்டுக்குன்னு வர்றதுலயே இதுதான் டாப்."

"டாப்பா இருந்துட்டுப் போகட்டும். நமக்கு வேண்டாம்."

மாமனார் அந்த எஸ்பிரெசோ மெஷினின் பளபளப்பான பக்கவாட்டை விரல்நுனியால் தடவிக்கொண்டு நின்றார். துறைமுக கேன்டீனில் முப்பது வருஷம் காபி மெஷின் முன்னால் நின்றவர். ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை. வீட்டில் இருக்கும் சின்ன மெஷினில் தினமும் காலையில் மூன்று பேருக்கும் அவர்தான் காபி போடுவார். அந்த மெஷின் இப்போது இருமுவதும் ஒழுகுவதுமாகக் கடைசி மூச்சில் இருந்தது. பல் டாக்டரான மகன், "இந்தத் தடவை அப்பாவுக்கு ராஜா மாதிரி ஒண்ணு வாங்கறோம்" என்று எல்லோரையும் கிளப்பிக் கூட்டி வந்திருந்தான்.

விற்பனையாளர் எத்தனையோ குடும்பச் சண்டைகளைப் பார்த்தவர். வாசனை கிளம்பினால் கோபம் அடங்கிவிடும் என்று கணக்குப் போட்டார்.

"ஐயா, நீங்களே ஒரு காபி போட்டுப் பாருங்க. ரெண்டு பாய்லர். அழுத்தத்தைக்கூட உங்க இஷ்டத்துக்குக் கூட்டிக் குறைக்கலாம். ஒரு வாய் குடிச்சாங்கன்னா மேடமே ஒத்துக்குவாங்க."

மாமனார் கையை நீட்டினார்.

"அவர் போட வேண்டாம்." மருமகள் சட்டென்று குறுக்கே வந்து நின்றாள். "வாங்கப்போறதில்லைன்னு சொல்லிட்டேன். அப்புறம் எதுக்குப் போட்டுப் பார்க்கறது?"

நீட்டிய கையை அவர் இழுத்துக்கொண்டு பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டார்.

காபிக்கொட்டை வாங்க வந்த ஒரு பெண்மணி பக்கத்தில் இருந்த கணவனிடம் கிசுகிசுத்தாள். கிசுகிசுப்பு எல்லோருக்கும் கேட்டது. "பெரியவரை என்ன பாடு படுத்தறா பாருங்க."

மகனின் முகம் சிவந்தது. குரலைத் தணித்துக்கொண்டான். "உனக்கு என்ன பிரச்சினை? விலையா?"

"இல்லை. அதோ அந்தப் பட்டன் மெஷினும் கிட்டத்தட்ட இதே விலைதான். கொட்டையைக் கொட்டிட்டுப் பட்டனைத் தட்டினா காபி. அதை வாங்கலாம்."

"அப்பாவை வீட்டுல வெச்சுக்கிட்டு பட்டன் காபியா? நீச்சல்காரனுக்கு வாளித் தண்ணியைக் காட்டற மாதிரி இருக்கு."

"எனக்கும் போடத் தெரியணும்ல? இந்த யானையைக் கட்டி மேய்க்க என்னால முடியாது."

"உன்னை யாரு போடச் சொன்னது? ஆறு வருஷத்துல ஒரு நாள் போட்டிருக்கியா?"

அவள் அவன் பக்கம் நேராகத் திரும்பினாள்.

"சரி, வெளிப்படையாவே சொல்லிடறேன். மாமா போடற காபி எனக்குப் பிடிக்கலை. ஒரே கசப்பு. தினமும் ஒரே மாதிரி இருக்கற காபி வேணும் எனக்கு."

கடையின் மூலையில் ஏதோ ஒரு மெஷின் கொட்டை அரைக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அதையே எடுத்துடுப்பா" என்றார் மாமனார், தலை நிமிராமல்.

பட்டன் மெஷினைக் காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். இரண்டு சிக்னல் தாண்டும்வரை மகன் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினான். மூன்றாவதில் வெடித்தான்.

"பத்து பேர் முன்னாடி அப்படித்தான் பேசுவியா? ஆறு வருஷமா விடியக்காலையில எழுந்து உன் கையில கப்பைக் கொடுத்த மனுஷன். பிடிக்கலைன்னா அதைச் சொல்ற இடமா அது?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"உன்னைத்தான் கேக்கறேன். வாயைத் திற."

"பிடிக்கலை, சொன்னேன். அவ்வளவுதான்."

"மனசுன்னு ஒண்ணு இருந்தா இப்படிப் பேச வருமா?"

பின்சீட்டிலிருந்து மாமனாரின் குரல் வந்தது. "வண்டியை ஓரமா நிறுத்துப்பா."

நிறுத்தினான். அவர் வலது கையை இரண்டு சீட்டுகளுக்கு நடுவே நீட்டி, விரல்களை மடக்க முயன்றார். மூன்று விரல்கள் பாதி வழியிலேயே நின்று நடுங்கின.

மகன் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான். "என்னப்பா இது? எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமாச்சு. உன்கிட்ட சொன்னா என்னை மெஷின் பக்கமே விடமாட்டே. அதான் யார்கிட்டயும் மூச்சு விடலை. காபித் தூள் போடற கைப்பிடி இருக்கே, அதைத் திருகி இறுக்கமா பூட்டணும். எனக்குப் பாதிதான் திருக வருது. பூட்டாம விட்டா அழுத்தத்துல பிடுங்கிக்கிட்டு வந்து, கொதிக்கறதெல்லாம் மூஞ்சியிலயே தெறிக்கும்."

"மாமா, விடுங்க. இப்ப எதுக்கு அது?" என்றாள் மருமகள்.

"கடையில வாயை மூடிக்கிட்டு நின்னுட்டேன்மா. இன்னும் மூடிக்கிட்டு இருந்தா நான் மனுஷனே இல்லை."

மகனுக்கு இன்னும் பிடிபடவில்லை. "இதுவரைக்கும் ஒரு தடவைகூட அப்படித் தெறிக்கலையேப்பா. தினமும் நீங்கதானே போடறீங்க?"

"நான் பாதி பூட்டிட்டுக் கப்பை எடுக்கத் திரும்புவேன். தண்ணி குடிக்க வர்றவ மாதிரி வந்து, மீதியைச் சத்தமில்லாம இறுக்கிட்டுப் போயிடுவா, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டு."